தொலைநோக்கிக்கு வரிசை

கொல்லிமலை விளிம்பிலிருந்த விண்வெளி நூலகத்தை இழுத்து மூடிவிடும் முடிவோடு முதல் பஸ்ஸில் வந்திறங்கினார் அதிகாரி சிவபிரகாஷ். கீழே ராக்கெட் புத்தகங்களில் ஒட்டடை குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. மாடியிலோ, பட்டப்பகலில் தொலைநோக்கிக்கு வரிசை.

முதலில் நின்ற பொன்னாயியிடம், “தெரியுதாம்மா?” என்றார்.

“தலைகீழாத்தானுங்க தெரியும். பழகிருச்சு.”

அசந்துபோனார். வானியல் தொலைநோக்கியின் இந்தக் குணம் அவருக்கே போன வாரம்தான் தெரியும்.

“தினமும் பார்ப்பீங்களா?”

“இதைப் பாத்துட்டுத்தானுங்க மத்த சோலி.”

அதிகாரிக்குக் கண் கலங்கியது. “இந்த நூலகத்தை யாரும் மூட முடியாது,” என்றார் நூலகர் சுகுணாவிடம், தன்னிடமிருந்தே அதைக் காப்பாற்றிய பெருமிதத்தோடு.

“வந்துருச்சுங்க,” என்றாள் பொன்னாயி. வரிசை மொத்தமும் மிளகு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடியது.

“எதும்மா வந்துச்சு?”

“செம்மேட்டு பஸ்ஸுங்க சார். அடிவாரத்துக் காரவள்ளியிலேர்ந்து ஏறுற கொண்டை ஊசி வளைவெல்லாம் இதுலதான் நல்லாத் தெரியும்,” என்றாள் சுகுணா.

அந்த பஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகும்வரை சிவபிரகாஷ் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “நான் கீழே போகணுமே. பஸ் எப்போ?” என்றார்.

“அடுத்தது மேல வந்துதானுங்க திரும்பும்,” என்ற சுகுணா, தொலைநோக்கியை அவர் உயரத்துக்கு ஏற்றிவைத்தாள்.