வராத தேதி

வலிக்கவில்லை.

அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

ஊஹூம்.

மில்லுக்குள் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. இயந்திரம் அதுபாட்டுக்கு நூலை இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. அறுந்த இழையை ஒட்டுவது அவள் வேலை. எட்டு மணி நேரமும் நடந்துகொண்டே ஒட்ட வேண்டும்.

இன்று பதினொன்றாம் தேதி. அவளுடைய தேதி.

சூப்பர்வைசர் தங்கமணியக்காவின் மேசைக்குப் பின்னால் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. ஒவ்வொரு பெண்ணின் பெயரும் அவளவள் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதியிருக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டு எழுதிக்கொள்வார்கள். எந்தப் பெண்ணுக்கு என்றைக்கு என்று பெற்ற தாய் மறந்தாலும் அந்தச் சுவர் மறக்காது.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைச் சுளித்தாள். கொஞ்சம் குனிந்து நடந்தாள்.

அக்கா பார்த்துவிட்டார்.

"என்ன இசக்கி, வந்துருச்சா? இந்தா கண்ணு, போட்டுக்க. லீவுகீவுன்னு வாயத் தொறந்துறாத."

ஊறுகாய் பாட்டில். அதற்குள் வெள்ளை மாத்திரைகள். அட்டை கிடையாது, பெயர் கிடையாது. லேசாக எலுமிச்சங்காய் வாடை.

வாங்கி அக்காவின் கண்ணெதிரிலேயே விழுங்கினாள். வேண்டாமென்றால் ஏன் வேண்டாம் என்று கேட்பார்களே.

முன்பெல்லாம் நிஜமாகவே வலிக்கும். மாதம் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாது. மூன்று வருட வேலை என்று சொல்லித்தான் ஊரிலிருந்து பஸ் ஏற்றினார்கள். எடுக்கிற லீவையெல்லாம் கடைசியில் சேர்த்து வேலை பார்த்துக் கழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். ஒவ்வொரு முறை படுக்கும்போதும் ஊர் இரண்டு நாள் தள்ளிப் போனது.

சித்திரையில் அந்தப் பாட்டில் வந்தது.

அரை மணி நேரம்தான். வலி போன இடம் தெரியாது. தெய்வமே இறங்கி வந்த மாதிரி இருந்தது, போங்கள். அதற்குப் பிறகு அவள் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை.

ஆவணியில் அவளுக்கு வரவில்லை.

முதல் மாதம் சந்தோஷப்பட்டாள். அதையும் சொல்லத்தானே வேண்டும். இரண்டாம் மாதம் விரல்விட்டு எண்ணினாள். மூன்றாம் மாதம் ஊர் அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள்.

இது நாலாவது.

யாரிடம் சொல்வாள்? கல்யாணமாகாத பெண். நின்றுவிட்டது என்றால் உலகத்துக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும்.

போன வருஷம் விடுதி வார்டன் ஒருத்தியைச் சந்தேகப்பட்டு அவள் அப்பாவுக்கு போன் போட்டார். அவர் வந்தார். மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். "நான் ஒண்ணும் செய்யலப்பா, நான் ஒண்ணும் செய்யலப்பா" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் அவர் பின்னால் கேட்டைத் தாண்டிப் போனாள்.

அதற்கப்புறம் யார் கூப்பிட்டும் அந்தப் பெண் போன் எடுக்கவே இல்லை.

ஆகையால் இவள் மாதாமாதம் வரிசையில் நின்றாள். வார்டன் கொடுத்த நாப்கின் பாக்கெட்டைக் கைநீட்டி வாங்கினாள். பிரிக்காமல் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்தாள்.

இன்று சாயங்காலம் பெட்டி சோதனை. யாராவது செல்போன் ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு துணியாக உதறிப் பார்ப்பார்கள்.

ஷிப்ட் முடிந்ததும் ஓடினாள். நாலு பாக்கெட்டையும் பழைய பாவாடையில் சுற்றிக்கொண்டு குளியலறைக்குப் பின்னால் போனாள். நாப்கின் எரிக்கிற இரும்புத் தொட்டி அங்கேதான் இருக்கிறது.

பக்கத்தில் கூட்டிப் பெருக்கும் மாராயி வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"போடு சாமி, போடு. தொட்டி சும்மாதான் கெடக்குது. முன்னயெல்லாம் வாரத்துக்கு ரெண்டு வாட்டி கொளுத்துவேன், பொகையில கண்ணே அவிஞ்சு போயிரும். இப்ப மாசத்துக்கு ஒருக்கா கொளுத்துனாலே அதிகம். அறுவது புள்ளைங்க இருக்கறீங்க, எனக்கு ஒரு வேலயும் வெக்கறதில்ல. நல்லா இருங்க."

அவள் எட்டிப் பார்த்தாள்.

அடியில் ஒரு பிடிச் சாம்பல். அதன்மேல் வேப்பஞ்சருகு.

அறுபது பேர்.

பாவாடையோடு உள்ளே போட்டாள். காலித் தொட்டியில் 'தொம்' என்று சத்தம் எழுந்தது.

அறைக்குத் திரும்பினாள். எட்டுக் கட்டில். இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். ஜன்னலோரம் இவள் ஊர்ப்பக்கத்துப் பேச்சி. சுவரோரம் பங்குனியில் வந்து சேர்ந்த புதுப் பெண். இருவர் பெயரும் காலண்டரில் அதே பதினொன்றாம் தேதியில், இவள் பெயருக்குக் கீழேதான் இருக்கின்றன.

இருவரும் முனகிக்கொண்டிருந்தார்கள்.

வராந்தாவில் வார்டன் நடந்து போனார். முனகல் கொஞ்சம் ஏறியது. நடைச் சத்தம் தள்ளிப் போனதும் தணிந்தது.

அந்த அளவு அவளுக்குத் தெரியும். நாலு மாதமாக அவளும் அதே அளவுக்குத்தான் முனகுகிறாள்.

பேச்சியின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். நெற்றியைத் தொட்டாள். வியர்வை இல்லை. காதோரம் குனிந்தாள்.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. உனக்கு நின்னு எத்தன மாசமாச்சு?"

பேச்சியின் முனகல் நின்றது.

சுவரோரக் கட்டிலிலும் நின்றது.