பெயர் தெரியாத நாய்

கூண்டும் கிடையாது, கொல்லும் ஊசியும் கிடையாது என்று பலகை மாட்டிய காப்பகத்தில் நாற்காலியெல்லாம் பூனைகளுக்கு. நடத்துகிற அக்காவுக்குக் கவிழ்த்துப்போட்ட வாளிதான். இப்போது அதுவும் இல்லை. காலை வெயில் முதுகில் விழ, தரையில் குப்புறப் படுத்து மேசைக்கடியில் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். யாரோ வாசலில் கட்டிவிட்டுப் போன கிழட்டு நாய் மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் அங்கே சுருண்டு கிடக்கிறது. இன்றும் சாப்பிடாவிட்டால் பிழைக்காது என்கிறார் டாக்டர். “மணி... ராஜா... டைகர்...” உலகத்து நாய்ப் பெயரெல்லாம் தீர்ந்தாயிற்று, காதுகூட அசையவில்லை. பால் பாத்திரத்தோடு வருகிற புருஷன், பூனை வாலை மிதித்துவிடாமல் இருக்கத் துள்ளி, பாலைத் தன் கால்சட்டையிலேயே கொட்டிக்கொள்கிறார். “அடச் சனியனே.” மேசைக்கடியில் தப்தப்பென்று ஒரு வால் தரையை அடிக்கிறது. “இன்னொரு தடவை சொல்லுங்க.” “எதை?” “இப்ப திட்டுனீங்களே, அதை.” “சனியனே?” நாய் எழுந்து, நொண்டியபடி வந்து அவர் காலடியில் உட்காருகிறது. “பாவிங்க, இதையா பேரா வெச்சிருந்தாங்க,” என்று அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறாள். அவர் ஈரக் காலோடு சம்மணமிட்டு, அது தொடாமல் விட்ட தட்டுச் சோற்றைப் பிசைந்து நீட்டுகிறார். “சாப்பிடுடா சனியனே, என் கண்ணுல்ல.” கட்டின பெண்டாட்டியை ஒரு நாளாவது இப்படிக் குழைந்து கூப்பிட்டிருப்பாரா? அவளுக்கு அந்த நினைப்பே இல்லை. காலியாகிற தட்டையே பார்த்துக்கொண்டு, “நிறுத்தாதீங்க, திட்டிட்டே இருங்க,” என்கிறாள்.