இரண்டு முதல் நான்கு வரை

தன் வீட்டு அடுக்களையிலேயே திருடியைப் போல ஃபிரிட்ஜுக்குப் பின்னால் பதுங்கி நின்றாள் பல் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு கையில் ஒட்டடைக்கம்பு, இன்னொரு கையில் போன். மணி ஒன்று ஐம்பது.

“அக்கா, நான் பேசாம ஆஸ்பத்திரிக்கே போயிடட்டுமா?”

“போறதெல்லாம் அப்புறம். கம்பை மட்டும் கீழ போட்டுடாதே” என்றாள் போனில் அக்கா. “பொம்பளை விவகாரம்தான்டி இது. ஆளில்லாத வீட்டுல மத்தியானம் ரெண்டு மணி நேரம் ஏசி எதுக்கு ஓடணும்? பேய்க்கு வேர்க்குதா?”

எல்லாம் அந்தப் புதுச் சட்டம் செய்த வேலை. கரண்ட் கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது என்று ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். எந்த மணிக்கு எத்தனை யூனிட் என்று பில்லிலேயே ஒளிவுமறைவில்லாமல் காட்ட வேண்டும் என்றும் அதே சட்டத்தில் எழுதினார்கள். சோதனைக்காகக் குலுக்கிப் போட்டு ஆயிரம் வீடுகளுக்கு அந்தப் புது பில்லை அனுப்பியதில், அவள் பேருக்கும் ஒன்று வந்துவிட்டது.

பிரித்தவள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வேலை நாள் ஒன்று விடாமல், இரண்டு முதல் நான்கு வரை மூன்று யூனிட். அந்த நேரத்தில் அவள் யாருடைய கடைவாய்ப் பல்லுக்கோ பஞ்சு வைத்துக்கொண்டிருப்பாள். கணவன் அந்தக் கமிட்டி ஆபீசிலேயே டைப்பிஸ்ட். வீட்டுச் சாவி இருப்பதோ அவர்கள் இரண்டு பேரிடம்தான்.

பில்லை அவனிடம் காட்டாமல் மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள்.

நேற்று சாயங்காலமும் வழக்கம்போலப் புலம்பிக்கொண்டேதான் வந்தான். “சிக்கனத்துல நாமதான் முன்மாதிரியா இருக்கணும்னு ஆபீஸ்ல எல்லா ஏசியையும் அணைச்சுட்டாங்க. மேலிருந்து கீழ வரைக்கும் அத்தனை பேரும் வெந்து சாகறோம்.” புலம்பினானே தவிர, சட்டைக் காலரில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. முகம் அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி பளிச்சென்று இருந்தது.

“தலையணையில வேற ஏதோ வாசனைக்கா” என்றாள் இப்போது, குரலை இறக்கி.

“செண்டா?”

“தலைவலித் தைலம்.”

“அடப்பாவமே! போயும் போயும் ஒரு கிழவியையா புடிச்சிருக்காரு உன் வீட்டுக்காரர்?”

சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. பதினோரு வருஷக் குடித்தனம். ஒரு நாள் அதிர்ந்து பேசியிருப்பானா? காய்ச்சல் என்று அவள் படுத்தால் லீவு போட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தவன். அவனைப் போய்ச் சந்தேகப்படுகிறோமே என்று ஒரு மனசு அழுதது. இன்னொரு மனசு காலையிலேயே பெட்டி கட்டி முடித்துவிட்டது. இன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டால் நேராக அக்கா வீடுதான்.

வாசல் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

“மெதுவா வாங்க, நிலைப்படி தடுக்கும்.” கணவன்தான். என்ன ஒரு கரிசனம்! “செருப்பைக் கையில எடுத்துக்குங்க. பக்கத்து வீட்டுல கண்ணு வெச்சுக்கிட்டே இருப்பாங்க.”

“இன்னிக்கு நான் சுவரோரமா படுத்துக்கறேன்.” பெண் குரல்! “நேத்து நீங்க விட்ட குறட்டையில எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை.”

நர்ஸ் கம்பை இறுக்கிப் பிடித்தாள். படுக்கையறைக் கதவு சாத்தும் சத்தம். ‘பீப்’ என்று ஏசி உயிர் பெறும் சத்தம்.

“கேட்டுச்சாக்கா?”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. போய் ரெண்டு பேரையும் வெளுத்து வாங்குடி!”

கம்பை ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டு ஓடினாள். ஒரே உதையில் கதவு படாரென்று திறந்தது.

கட்டிலில், சுவரோரமாக, நரைத்த கொண்டையுடன் ஓர் அம்மாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். கீழே தரையில் மூன்று பெரியவர்கள், பைல் கட்டுகளைத் தலைக்கு வைத்து வரிசையாகப் படுத்திருந்தார்கள். அதில் ஒருவர் அதற்குள் குறட்டையே விட ஆரம்பித்திருந்தார். கையில் ரிமோட்டோடு நடுவில் நின்றிருந்தான் கணவன்.

“நீ... ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்த அம்மாள் நிதானமாக எழுந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். கம்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முகம் மலரச் சொன்னார்:

“வாங்கம்மா, உட்காருங்க! மின்கட்டண ஆய்வுக் கமிட்டிக்குக் கருத்துச் சொல்லப் பொதுமக்கள் ஒருத்தர்கூட வரமாட்டேங்கறாங்களேன்னு கவலைப்பட்டுக்கிட்டே இருந்தோம்.”