துரை ஏறிய சோபா

“யோகா, ஓடி வா! துரை சோபாவுல ஆய் போயிட்டான்!”

கணவன் சற்குணன் கத்தியதும் யோகாவுக்குப் பகீரென்றது. தீபாவளிக்கு வாங்கிய சோபா. பிளாஸ்டிக் உறையைக்கூட அவன் இன்னும் பிரிக்கவில்லை. துரையை அதன் கிட்டவே விடமாட்டான்.

“அவனத் திட்டாதீங்க, நான் தொடச்சிடுறேன்...”

“தொடைக்காத லா! போட்டோ புடிச்சி கிள்ளான் டவுன் டாக்டருக்கு அனுப்பு!” சற்குணனின் கண்கள் கலங்கியிருந்தன.

நேற்று கூண்டு சுத்தமாகக் கிடந்ததைப் பார்த்து முதலில் பதறியவன் அவன்தான். “குடல் வேலை செய்யல. புழுக்கை போட்டாத்தான் பிழைக்கும்” என்று மருந்து கொடுத்திருந்தார் டாக்டர்.

சோபாவில் புல்லைக் கடித்துக்கொண்டிருந்த முயலை சற்குணன் அள்ளி அணைத்தான். யோகா போட்டோ எடுத்ததும் பிளாஸ்டிக் உறையை உருவி எறிந்தான்.

“இனிமே நீ மெத்துன்னு உக்காருடா துரை!”