சேமிக்கும் இடம்

"அடி விழுந்த அன்னைக்கே தேதி போட்டு எழுதி வச்சிடும்மா, கேஸுக்கு அதுதான் வேணும்" என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். அதனால் ஒவ்வொரு முறையும் ரெஜினா குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, போனில் அவசரக் குறிப்புப் பொத்தானை அழுத்தி ஒரு வரி எழுதினாள். மார்ச் 4, இடது காது. மே 19, முழங்கை. எழுதியதும் அது திரையை விட்டுப் போய்விடும். எங்கே போகிறது என்று அவள் யோசித்ததே இல்லை. நாளை வக்கீலிடம் காட்ட வேண்டுமே என்று இன்று காலை குளியலறையில் தாழிட்டுக்கொண்டு தேடியபோதுதான் செட்டிங்ஸைத் திறந்தாள். சேமிக்கும் இடம்: மளிகை. அவள் போனிலும் கணவன் லூர்துவின் போனிலும் ஒரே சமயத்தில் தெரிகிற பட்டியல் அது. கடைக்குப் போவது அவன் பொறுப்பென்று அவள் அதைத் திறந்தே பல மாதமாயிற்று. துவரம் பருப்புக்கும் சோப்புத் தூளுக்கும் நடுவே அவளுடைய வரிகள் ஒன்றுவிடாமல் இருந்தன. வாங்கி வந்த ஒவ்வொரு சாமானுக்கும் பக்கத்துக் கட்டத்தில் டிக் போடுவது லூர்துவின் வழக்கம். அவளுடைய வரிகளுக்கும் போட்டிருந்தான். "ரெஜி, இட்லி ஆறுது, வா" என்று வெளியிலிருந்து கூப்பிட்டான். குரலில் கோபமே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்டியலின் அடியில், அவன் போனிலிருந்து இன்றைய தேதி ஒவ்வொரு எழுத்தாக வந்து விழுந்தது. பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.