ஜீப்புக்கு அடியில்

டெய்லரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்வீட்டு வாசலில் ஒரு பழைய ஜீப். மேடு பள்ளம் பார்க்காமல் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். அதன் அடியில் மல்லாந்து கிடப்பது பெண்டாட்டி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மடியில் நோட்டை விரித்து உத்தரவு போடுவது புருஷன்.

"நாலு. பழைய... ஆயிலை... வடி."

ஒவ்வொரு சொல்லையும் தர்மம் போடுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"காதுல விழலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றது ஜீப்புக்கு அடியிலிருந்து குரல்.

அவரும் இன்னொரு தடவை சொன்னார்.

அந்தப் பெண் பஸ் டிப்போவில் மெக்கானிக். இருபது வருஷமாகப் பெரிய பெரிய எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஆயில் மாற்றப் பாடம் எடுக்கிறாராம் இந்த மனுஷன். போன ஞாயிறு கிரீஸ் அடிக்கும்போதும் இதே கூத்துதான்.

டெய்லரம்மா குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. தையல் மெஷின் ஜன்னலோரம் கிடப்பதால் தெரு நடப்பு அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. அவர் யாரோடும் பேசி அவள் பார்த்ததில்லை. எதிரில் பார்த்து நலம் விசாரித்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். வாயைத் திறப்பதெல்லாம் பெண்டாட்டியை வேலை வாங்கத்தான்.

பாதி தைத்த சட்டையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தெருவைக் கடந்து நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏன் சார், வாரம் பூரா டிப்போல உழைச்சிட்டு வர்றவங்க. லீவு நாள்லகூட உக்காந்த இடத்துலேர்ந்து அதிகாரம் பண்றீங்களே. நீங்களும் கூட ஒரு கை பிடிச்சா கொறஞ்சா போயிடுவீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணித் துடித்ததே தவிர ஒன்றும் வரவில்லை. நோட்டை மூடிவிட்டார்.

"என்னங்க, அஞ்சாவது என்ன?" என்றது கீழே இருந்து குரல்.

டெய்லரம்மா குத்துக்காலிட்டுக் குனிந்து பார்த்தாள். ஆயில் வடித்த தட்டு ஓரமாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஆயில் வடிகிற ஓட்டையின் திருகை இறுக்கியாகிவிட்டது. புது பில்டரும் மாட்டியாகிவிட்டது. மெக்கானிக் கையைத் துடைத்து, வயிற்றின் மேல் கோத்து வைத்துக்கொண்டு சும்மா படுத்திருந்தாள்.

கிட்டே வரச்சொல்லி ஜாடை காட்டினாள்.

"கீழ வேலை முடிஞ்சு அரை மணி ஆச்சுங்க" என்று கிசுகிசுத்தாள். "ஆறு மாசம் முன்னாடி அவருக்கு ஸ்ட்ரோக். பேச்சே போயிடுச்சு. தினமும் சத்தமா படிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. ஆனா யாராவது மொகத்தைப் பாத்தா அவருக்கு வாய் கட்டிப்போகுது. என் மொகமா இருந்தாலும் அப்படித்தான். அதான் நோட்டுல எழுதிக் குடுத்துட்டு இங்க வந்து படுத்துக்கறேன். இன்னிக்குத்தான் முதல் தடவையா நாலு வரைக்கும் வந்தாரு."

எழுந்து போய் மன்னிப்புக் கேட்டால் தேவலை என்று டெய்லரம்மாவுக்குத் தோன்றியது. ஆனால் எழுந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஜீப்புக்கு அடியில் நகர்ந்து போய் மெக்கானிக்கின் பக்கத்தில் மல்லாந்து படுத்தாள். முதுகில் ஆயில் கறை பிசுபிசுத்தது. போகட்டும்.

"சார், நானும் கீழ வந்துட்டேன். எனக்கு இந்த வேலை ஒண்ணுமே தெரியாது. மெதுவா சொல்லுங்க. அஞ்சாவது என்ன?"

மெக்கானிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பிறகு நோட்டுத் தாள் புரளுவது கேட்டது.

"அஞ்சு" என்றார் அவர். "திருகை... நல்லா... இறுக்கு."

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் டெய்லரம்மா முந்திக்கொண்டாள்.

"காதுல விழலை சார். இன்னொரு தடவை சொல்லுங்க."