பால்பல்

கிழக்குப் புல்வெளிகளிலிருந்து ஐரோப்பாவுக்குள் நடந்து வந்த கூட்டத்தில் இறந்துபோன குழந்தை அது. ஐயாயிரம் வருடத்துக்குப் பின் ஒரு பால்பல் மிஞ்சியிருந்தது. தொட்டவர்களின் மரபணு அதில் கலந்துவிட்டதா என்று அறிய, ஆய்வகத்தில் வேலை செய்யும் எல்லோருடைய மரபணுவுடனும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம்.

“அக்கா, உங்களோட பொருந்துது,” என்றான் ஜெபராஜ், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்.

“என் கை பட்டிருக்கும்,” என்றாள் தமயந்தி.

“கை பட்டா முழுசாப் பொருந்தணும். இது சரிபாதி. பெத்த தாய்க்கும் பிள்ளைக்கும் பொருந்துற மாதிரி.”

தமயந்தி பிள்ளை பெற்றதில்லை.

“மெஷின்ல கோளாறு. மறுபடி ஓட்டிப் பாரு.”

“மூணு தடவை ஓட்டிட்டேன்க்கா.”

மார்பில் பால் சுரந்து மேலங்கி நனைவதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று, பல்லிருந்த டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.